மலைக்குக் கிழக்கே ஆறு மாடிகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. நாமக்கல் கோட்டையின் படம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பார்ப்பவர்கள் கண்ணுக்குக் கோட்டை கடைசியாகத்தான் தட்டுப்படும். படத்தில் கீழ்ப்பாதி முழுக்க மொட்டை மாடிகள். கறுப்பும் நீலமுமாகத் தண்ணீர்த் தொட்டிகள், துருப்பிடித்த டிஷ் ஆண்டெனாக்கள், கொடியில் யாரோ காயப்போட்ட பாவாடை. அதற்கெல்லாம் மேலேதான் அந்த ஒற்றைப் பாறையும் அதன் தலையைச் சுற்றி வளைத்துக் கட்டிய கோட்டைச் சுவரும். சுவருக்கு மேல் வானம் ஒரு விரற்கடை கூட இல்லை. என்னைப் போலக் கல்யாண வீடுகளில் கேமரா தூக்குகிற பையன்கள் வந்தால் படத்தின் முன் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். "ஏனுங்கக்கா, கீழ இருக்கறத வெட்டி விட்டிருந்தா சூப்பரா இருந்திருக்குமுங்களே" என்பார்கள். "வெட்டி வெட்டித்தான் தம்பி மூணு மாசம் வீணாப்போச்சு" என்று சொல்லிவிட்டு நான் காபி போடப் போய்விடுவேன்.

அந்தப் படத்தை அப்படி எடுக்க வைத்தவர் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் விவசாயக் காடும் ஒரு சின்னக் கோழிப்பண்ணையும் உண்டு. மாமனார் போன பிறகு இரண்டையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் அவர். பிறந்தது நாமக்கல் டவுனில், மலையடியில். ஆனால் பிறந்த வீட்டுப் பேச்சை யாராவது எடுத்தால் அத்தைக்கு உடனே கோழிக்குத் தண்ணீர் வைக்கிற வேலை வந்துவிடும், எழுந்து போய்விடுவார். காரணம் ஊருக்கே தெரியும். மாமனார் இறந்த அன்று, முறைப்படி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவர வேண்டிய தம்பி வரவில்லை. கணவனை இழந்து உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலை வந்து விழ வேண்டும், உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று பிறந்த வீடு அப்போதுதான் சொல்கிறது. தம்பி ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். சேதி கிடைத்து, ரயில் மாறி, பஸ் மாறி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது யார் யாரோ போட்ட கோடியில் எல்லாம் முடிந்திருந்தது. அத்தை கதவைத் திறக்காமலே, "எடுத்த கோடிய எடுத்துட்டே போகச் சொல்லு. இனி அந்த ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றாராம். அதெல்லாம் நான் மருமகளாக வருவதற்கு முன்பு. எங்கள் கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டியதை மாமன் முறையுள்ள வேறொருவர் செய்தார். அந்த ரிக் மாமனை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் தெரியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் கல்யாணப் போட்டோ எடுக்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எட்டு வருடமும் மணப்பெண் அறையில்தான். முகூர்த்த மேடையில் பெரிய கேமராவோடு ஆண்கள் நிற்பார்கள். தலை பின்னுவதையும் மருதாணிக் கையையும் எடுக்கத்தான் பொம்பளை வேண்டும். ஆல்பத்தில் பெயர் போடுவதும் அவர்கள் பெயரைத்தான். எனக்கு அது உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. இந்த நேரத்தில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர் புதிதாக உணவகம் கட்டிக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பள்ளி படித்தவர். வாசலுக்கு நேரே உள்ள சுவர் முழுக்க நாமக்கல் கோட்டையின் படம் ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசை. "ஹாஸ்டல் ஜன்னல்ல நின்னு அழுதுட்டே பாத்த மலைங்க அது. இன்டர்நெட்டுல இருக்கற படமெல்லாம் வேண்டாமுங்க. டவர் இருக்கக் கூடாது, பிளக்ஸ் போர்டு இருக்கக் கூடாது, சுவர் சுத்தி முழுசா தெரியோணும். அப்படி ஒண்ணு கொண்டாங்க, படத்துக்குக் கீழ உங்க பேரப் போடறேன்" என்றார். ஆவணியில் திறப்பு விழா. கேட்டது சித்திரையில். என் பெயர் ஒரு சுவரில் வரப்போகிறது என்றால் அந்தச் சுவருக்காக எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறத் தயாராக இருந்தேன்.

ஏறத் தயாராக இருந்தால் போதாது, ஏற விட வேண்டுமே. நாமக்கல் மலை ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும், எந்தத் தெருவில் நின்றாலும் முழுசாகத் தெரியாது. கீழே நின்றால் வயரும் போர்டும். கமலாலயக் குளக்கரையில் எல்லாரும் எடுத்தாயிற்று. மலை மேலேயே ஏறிப் போனால் சுவர் இருக்கும், மலை இருக்காது. ஆக, எட்ட இருக்கும் மொட்டை மாடிகள்தான் வழி. விடிகாலையில் ஒரு பெண் தனியாகக் கேமராப் பையோடு வந்து காலிங் பெல்லை அடித்து "மாடிக்குப் போகணுங்க" என்றால் யார் விடுவார்கள்? முதல் வாரம் நான்கு வீட்டில் கேட்டேன். ஒருவர் ஆதார் கார்டு கேட்டார். ஒரு அம்மா, "டவர் கம்பெனியா? எங்களுக்கு டவர் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வீட்டுக்கு வந்து புலம்பினேன். அத்தை முட்டையை அட்டையில் அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நான் கிளம்பும்போது தலை சீவி, கைத்தறிச் சேலை கட்டி, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "நானும் வாரேன் சாமி. நீ கேமராவப் புடி, வாய நான் பாத்துக்கறேன்."

அத்தை வாயைப் பார்த்துக்கொண்ட விதத்தை நான் இன்றைக்கும் வியக்கிறேன். படம் எடுப்பதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். வாசலில் கோலம் போடுகிற பெண்ணிடம் போய், "ஏனுங்க, இந்த ஊடு யாருதுங்க?" என்று ஆரம்பிப்பார். எந்த ஊர், எந்தக் குலம், எந்தக் கூட்டம், பெண் கொடுத்தது எங்கே என்று மூன்றாவது கேள்வியில் ஒரு உறவு அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் முட்டை விலையைப் பற்றிப் பேசுவார். நாமக்கல்லில் அதற்கு மடங்காத ஆள் இல்லை. சொம்பில் தண்ணீர் வரும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதல் மரியாதை அதுதான். அதை வாங்கிக் குடித்தால் வந்தவர் உறவு, குடிக்காமல் நகர்ந்தால் பகை. அத்தை அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "அப்படியே மேல ஏறி மலையப் பாத்துட்டு வந்தர்றமுங்க" என்பார். அவ்வளவுதான், மாடி எங்களுடையது. எனக்கு எட்டு வருடத்தில் வராத சாமர்த்தியம் அது. அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. ஒவ்வொரு படிக்கும் இடது கையால் கைப்பிடியைப் பற்றி, வலது கையால் தொடையை ஊன்றித்தான் ஏறுவார். "நீங்க கீழயே உக்காருங்க அத்தை" என்றால், "என்ற காலு, நான் ஏறறேன். உனக்கென்ன?" என்று பதில் வரும்.

முதலாவது ஒரு வக்கீல் வீட்டு மாடி. இரண்டாவது லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர் வீடு. மூன்றாவது ஒரு டியூஷன் சென்டர். எல்லாமே மலைக்குக் கிழக்கே. அத்தை வேறு பக்கம் வரவே மாட்டார். "கெழக்கால நின்னு பாத்தாத்தான் மலைக்கு மூஞ்சி. மத்த பக்கமெல்லாம் முதுகு" என்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது. காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து நேராகப் பாறை மேல் விழும். கல் முதலில் ஈயப் பாத்திர நிறத்தில் இருந்து, பிறகு மஞ்சளாகி, ஏழு மணிக்கு வெளுத்துவிடும். நடுவில் ஒரு கால் மணி நேரம்தான் காரியத்துக்கு ஆகும். நான் முக்காலியை ஊன்றிக் கேமராவைச் சரி செய்தால், அத்தை பின்னால் வந்து அதன் சின்னத் திரையை எட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் கீழ எறக்கிப் புடி சாமி." இறக்கினால் வீட்டு மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் வந்துவிடும். "அதெல்லாம் அசிங்கமா வருது அத்தை." "வரட்டும். எறக்கிப் புடி." வயதானவர் மனசு நோகக் கூடாதென்று ஒவ்வொரு மாடியிலும் இறக்கிப் பிடித்தும் எடுத்துவைப்பேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டதும் அந்த மாடிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மலையை மட்டும் பிரிண்ட் போட்டுக் காட்டுவேன்.

அத்தை அந்தப் பிரிண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார், எட்ட வைத்துப் பார்ப்பார். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார். "முழுசா வரல." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலை அடி முதல் உச்சி வரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, இன்னும் என்ன முழுசு? "என்ன வரலைன்னு சொல்லுங்க அத்தை" என்றால், "வேற மாடி பாக்கலாம்" என்பதோடு சரி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கவில்லைதான். வக்கீல் வீட்டில் வேப்பமரம் சுவரைப் பாதி மறைத்தது, பட்டறைக்காரர் வீட்டில் செல்போன் டவர் சரியாக மலையின் காதோரம் நின்றது. அதனால் அவர் சொன்னதை நம்பி அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி என்று போனேன். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஐந்தாவது மாடியில் அத்தை இறங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நான் கத்திவிட்டேன். "உங்களால எனக்கு வேலையே நடக்கல. எது எடுத்தாலும் குத்தம். நாளையில இருந்து நான் மட்டும் போறேன்" என்று நடுப்படியில் நின்று சத்தம் போட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "கத்தி முடிச்சிட்டியா? கையக் குடு, எந்திரிக்கிறேன்" என்றார். அன்றைக்கு நான் அவமானத்தில் வண்டியை எவ்வளவு வேகமாக ஓட்டினேன் என்பது எனக்கும் நெடுஞ்சாலைக்கும்தான் தெரியும்.

ஆறாவது மாடி பேக்கரி வைத்திருக்கிற ஒரு பாய் வீடு. மூன்று மாடி. அந்த வீட்டு அம்மா அத்தையின் காலைப் பார்த்துவிட்டு, "மேல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேம்மா, உக்காந்து பாருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கி வந்தார். ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. முக்காலி ஆடாமல் இருக்கக் கேமராப் பையில் செங்கல்லைப் போட்டுத் தொங்கவிட்டேன். காற்று தூசியையெல்லாம் துடைத்துவிட்டதால் கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அத்தை நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டே இருந்தார். "கீழ எறக்கிப் புடி சாமி. இன்னுங் கொஞ்சம்." குரல் வேறு மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் மாறுவதற்குள் எடுக்க வேண்டுமே என்ற தவிப்பு எனக்கு.

அன்று சாயங்காலம் படங்களை வெட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தேன். பண்ணையிலிருந்து வந்த என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இதென்ன, எங்க மாமன் ஊட்ட எதுக்கு எடுத்த?" என்றார். எது என்று கேட்டேன். படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார். மஞ்சள் கைப்பிடிச் சுவர் கொண்ட ஒரு மாடி. ரிக் வண்டிக்கு அடிக்கிற அதே மஞ்சள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடியில் பனியனும் வேட்டியுமாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். முதல் மாடியில் எடுத்த, வெட்டாத படத்தைத் திறந்தேன். வேப்பமரத்துக்குக் கீழே மஞ்சள் சுவர். இரண்டாவதில் இருந்தது, மூன்றாவதில் இருந்தது. ஆறு மாடி, ஆறு கோணம், எல்லாவற்றிலும் அந்த ஒரு வீடு இருந்தது. நான்காவது மாடிப் படம் தொடங்கி அந்த ஆளும் இருந்தார். நாமக்கல்லில் காலையில் மாடி ஏறுகிறவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இந்த மனிதர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றிருந்தார்.

நான் அத்தைக்கு எதைக் காட்டியிருக்கிறேன்! அவர் தேய்ந்த முட்டியோடு ஏறி, இறக்கிப் பிடிக்கச் சொல்லி எடுக்க வைத்த தம்பியை நான் ஒவ்வொரு தடவையும் அசிங்கம் என்று வெட்டிவிட்டு, வெறும் கல்லைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறேன். முழுசா வரல என்று அவர் சொன்னதற்கு நடுப்படியில் வைத்துக் கத்தியும் இருக்கிறேன்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல், படத்தில் பார்த்த அடையாளத்தை வைத்து நேராக மஞ்சள் சுவர் வீட்டுக்குப் போனேன். யாரென்று சொன்னதும் அந்த வீட்டு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கை நீட்டுவதற்கு ஒரு கணம் பயமாக இருந்தது. அத்தை இத்தனை வருடமாக வேண்டாமென்று வைத்த தண்ணீர் அது. வாங்கி முழுச் சொம்பையும் குடித்தேன். ரிக் மாமன் உள்ளேயிருந்து வந்தார். அத்தையின் அதே மூக்கு. "வா அம்மிணி" என்றார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் அவராகவே, "எங்கக்கா ஒவ்வொரு மாடியா ஏறுறதப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். முட்டி வலிக்குமே, முட்டி வலிக்குமேன்னு எனக்கு அடிச்சுக்குது. போய்க் கூப்பிடலாம்னா மொதல்ல மாதிரி கதவச் சாத்திட்டா என்ன பண்றது? ஆறு மாடி ஏறிட்டா. இந்த மாடி ஒண்ணுதான் பாக்கி" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு வாங்கின கோடி இன்னும் பீரோவுலதான் இருக்குது." என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். டவர் இல்லை, மரம் இல்லை, போர்டு இல்லை. பாறையும் அதைச் சுற்றிய சுவரும் ஒரு ஓட்டை இல்லாமல் முழுசாக எதிரே நின்றன. மூன்று மாதமாக நான் தேடிய இடம். வெயிலும் சரியாக இருந்தது, கையில் கேமராவும் இருந்தது. "எடு அம்மிணி" என்றார். "அத்தையோட வந்து எடுத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னேன். அங்கே தண்ணீர் குடித்தேன் என்றும் சொன்னேன். இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. ஆறாவது மாடியில் எடுத்த படத்தை வெட்டாமல் ஒரு பெரிய பிரிண்ட் போட்டு, அவர் முட்டை அடுக்குகிற மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் விடிகாலை ஸ்கூட்டரை எடுக்க வந்தால் கைத்தறிச் சேலையோடு நிற்கிறார். "அந்த ஊட்டுல மாடிப்படி வெளிய இருக்குதா, உள்ள இருக்குதா?" என்று கேட்டார். "வெளியதான் அத்தை." "அப்பச் சரி. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மாடிப்படியச் சொல்லல. வண்டிய எடு."

ஏறினார். ஆறு மாடியிலும் இல்லாத வேகத்தில், கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் ஏறினார். மேலே போய்த் தம்பியைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தார். தம்பியும் பக்கத்தில் வந்து மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "ரயிலேறி வந்தீங்களே, மூணு நாளும் சாப்புட்டீங்களா?" தம்பியிடம் மரியாதையாகப் பேசுவது கோபத்தில்தான். "இல்லக்கா" என்றார் அவர். பதினோரு வருடத்துக் கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா சொம்போடு மேலேயே வந்துவிட்டார். அத்தை வாங்கி அண்ணாந்து பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். "நீயும் குடி. நீதான் முன்னாடியே குடிச்சவளாச்சே."

ஏழாவது மாடியிலிருந்து எடுத்த படம் ஃபேர்லேண்ட்ஸ் உணவகத்தில் சுவர் முழுக்க இருக்கிறது. டவர் இல்லை, போர்டு இல்லை, கீழே என் பெயர் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு அத்தையும் ரிக் மாமனும் வந்து, அதற்கு முன்னால் நின்று பரோட்டா சாப்பிட்டார்கள். இப்போது முகூர்த்த மேடையில் பெரிய கேமராவோடு நான் நிற்கிறேன். போன மாசியில் அத்தை போய்ச் சேர்ந்தார். விடிவதற்குள் சேதி போய், நாங்கள் கூடத்தில் அவரைக் கிடத்துவதற்கு முன்பே பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டது. புதுச் சேலை ஒன்று, பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்த பழைய சேலை ஒன்று. இரண்டையும் தம்பி தன் கையாலேயே போர்த்தினார். அத்தை மேல் விழுந்த முதல் கோடி அதுதான்.

சென்ற மாதம் ஒரு வேலையாக நாமக்கல் போனவள், பேக்கரிக்காரர் வீட்டு மாடிக்குப் போனேன். தெரிந்த முகம் என்பதால் வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூடத்துப் படத்தை எடுத்த அதே மூலையில் நின்றேன். எதிரே ஐந்து மாடிக்கு ஒரு வணிக வளாகம் எழும்பிவிட்டது. பாறையில் பாதியைக் காணோம். கோட்டைச் சுவரில் ஒரு துண்டுதான் தெரிகிறது. படம் எடுக்க இனி அந்த இடம் ஆகாது என்று கேமராவை மூடப் போனேன். கீழே மஞ்சள் கைப்பிடிச் சுவர் மட்டும் மறையாமல் இருந்தது. ரிக் மாமன் பனியனும் வேட்டியுமாக மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்து நின்றிருந்தார். இங்கே இனி அக்கா ஏறி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? நான் கேமராவைக் கண்ணில் வைத்துக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன்.